விழும் எழுத்துக்கு எடை எங்கிருந்து வருகிறது?

பழைய பிரிட்டிஷ் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயில்வானை நினைவிருக்கும். வெற்றுடம்பு, எண்ணெய் மினுங்கும் தோள்கள், எதிரே ஆளுயரத்தை விஞ்சும் ஒரு பெரிய சேகண்டி. கையை ஓங்கி இரண்டு முறை அடிப்பார். ராங்க் நிறுவனத்தின் படம் தொடங்கும். ஜெமினியின் இரட்டைச் சிறுவர்கள் திரையில் ஊதுகுழல் ஊதினால் நம் ஊர்க் கொட்டகை நிமிர்ந்து உட்காருமே, அங்கே அந்த அடிக்கு அப்படி ஒரு மரியாதை. பயில்வான்கள் அவ்வப்போது மாறினார்கள். அவர்களில் ஒருவரான கென் ரிச்மண்ட், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்துக்கு வெண்கலப் பதக்கம் வாங்கியவர். பிற்பாடு அவர்தான் குட்டை உடைத்தார்: அந்தச் சேகண்டி காகிதக்கூழில் செய்தது, நிஜமாகவே ஓங்கி அடித்திருந்தால் பொத்துக்கொண்டு போயிருக்கும். நாம் கேட்ட ஓசை, ஜேம்ஸ் பிளேட்ஸ் என்ற தாளக் கலைஞர் ஒரு சிறிய சீனச் சேகண்டியில் எழுப்பியது.

பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கை இறங்கிய வேகம், அடித்தபின் அது நின்ற விதம், ஓசை வந்து சேர்ந்த கணம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. நம் கண்ணுக்கும் காதுக்கும் அது போதும். காகிதக்கூழா வெண்கலமா என்று அவை கேட்பதில்லை. இந்தப் பொருள் இப்படித்தான் அசையுமா என்று மட்டும் கேட்கின்றன. கல்லூரி முடிப்பதற்குள் ஒரு குறும்படக் கம்பெனி தொடங்கி, பெயரும் வைத்து, அடுத்து ஒரு லோகோ எடுக்க வேண்டும் என்று உட்காரும் விஸ்காம் மாணவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

பெரும்பாலான குழுக்கள் யோசிப்பதில்லை. இணையத்தில் ஒரு டெம்ப்ளேட்டை இறக்கி, அதில் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். தங்க எழுத்துகள் சுழன்று வரும், பின்னால் ஓர் ஒளிக்கீற்று, ஓர் இடி. ஒரே குறும்பட விழாவில் நான்கு கம்பெனிகளுக்கு ஒரே இடி இடிக்கிறது. மலிவானது என்பதல்ல என் குறை. அந்த எழுத்துகளுக்கு எடை இல்லை, அவை எதன்மீதும் நிற்கவில்லை, அவற்றின்மேல் விழும் வெளிச்சம் எங்கிருந்தும் வரவில்லை. அதனால் பார்த்த மறுகணம் மறந்துபோகிறது.

1991 பிப்ரவரியில் பிபிசி 2 தொலைக்காட்சி செய்ததைப் பாருங்கள். மார்ட்டின் லாம்பி நேர்ன் என்ற வடிவமைப்பாளரின் குழு ‘2’ என்ற எண்ணை மட்டும் வைத்து, சேனலின் அடையாளத்துக்காகச் சிறு படத்துண்டுகளை எடுத்தது. ஒரு துண்டில் அந்த எண்ணின்மேல் பெயின்ட் அடித்துத் தெறித்தது. இன்னொன்றில் உலோகத் தகடாக வந்து தரையில் குத்தி நின்றது. மற்றொன்றில் பட்டுத்துணிக்கு அடியில் அதன் வடிவம் தெரிந்தது. ஒரு துண்டுக்கு ஓர் எண், ஒரு பொருள், ஓர் இயற்பியல் நிகழ்வு. கணினி வரைகலை பெருகத் தொடங்கியிருந்த காலத்தில், உண்மையான பொருளைக் கேமராவுக்கு முன்னால் வைத்து எடுத்தார்கள். கொஞ்சம் விறைப்பான சேனல் என்று பெயர் வாங்கியிருந்த பிபிசி 2, அதன்பின் துள்ளலான சேனலாக நேயர்களுக்குத் தோன்றத் தொடங்கியது. இத்தனைக்கும் நிகழ்ச்சிகள் பழையவைதான்.

ஆகவே முதல் முடிவு: எந்த ஒரு நிகழ்வு? விழுதல், தெறித்தல், உருகுதல், எரிதல், கரைதல், மின்னுதல். இவற்றில் ஒன்றே ஒன்று. நான் இங்கே விழுதலை எடுத்துக்கொள்கிறேன். செலவு குறைவு, அறிவியல் அதிகம்.

நோக்கம் இதுதான்: கம்பெனிப் பெயர், மாடி வீடு அளவுள்ள கற்பாறை எழுத்துகளாகப் புழுதி பறக்க மண்ணில் வந்து விழ வேண்டும். கையில் இருப்பதோ ஒரு சாண் உயர எழுத்துகள். அவற்றை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுகிறோம்.

காற்றின் தடையைத் தள்ளிவிட்டால், கனமானதும் இலேசானதும் ஒரே வேகத்தில்தான் விழும். கலிலியோ காலத்திலிருந்து தெரிந்த விஷயம். அப்படியானால் விழுவதை வைத்துக் கண் எதை அளக்கிறது? எடையை அல்ல, உயரத்தை. 20 சென்டிமீட்டர் விழ 0.2 விநாடி ஆகும். 5 மீட்டர் விழ 1 விநாடி. உயரம் 25 மடங்கு கூடினால் நேரம் 5 மடங்குதான் கூடும், ஏனென்றால் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து வளர்கிறது. எனவே 20 சென்டிமீட்டர் வீழ்ச்சியை 5 மடங்கு மெதுவாக்கினால் அது 5 மீட்டர் வீழ்ச்சியாகத் தெரியும். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்துக்கு 120 ஃபிரேமில் எடுக்க வேண்டும். இன்று நடுத்தர விலைப் போனிலேயே 120 இருக்கிறது. 240 இருந்தால் 10 மடங்கு. அதே ஒரு சாண் வீழ்ச்சி 20 மீட்டராகிவிடும். மினியேச்சர் வைத்துப் படமெடுப்பவர்கள் பல பத்தாண்டுகளாகக் கையாளும் விதி இது: மாதிரியை எத்தனை மடங்கு சிறிதாக்கினீர்களோ, அதன் வர்க்கமூலம் எத்தனையோ அத்தனை மடங்கு ஃபிரேம் வேகத்தைக் கூட்டுங்கள்.

உயரம் கிடைத்துவிட்டது. எடை? அது விழுந்தபின் நடப்பதில் இருக்கிறது. தெர்மாகோலில் வெட்டிய எழுத்து விழுந்ததும் துள்ளும், சாயும், ஒரு நடனம் ஆடி அடங்கும். அந்தத் துள்ளல் ஒன்றே குட்டை உடைத்துவிடும். மேலும் தெர்மாகோல் அவ்வளவு இலேசானது என்பதால் காற்றின் தடையையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ‘க்’ என்ற எழுத்தில் புள்ளி தனித்துண்டு. அந்தச் சின்னத் தெர்மாகோல் வில்லையின் எடையும் அதன்மேல் காற்று கொடுக்கும் தடையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். எழுத்து தரையைத் தொட்ட பிறகு புள்ளி ஆடி அசைந்து வந்து சேரும். கொம்பு, கால் எல்லாவற்றுக்கும் இதே கதை. மெல்லிய கறுப்புக் கம்பியால் அவற்றை எழுத்தோடு இணைத்துவிடுங்கள். எழுத்துகளை எம்டிஎஃப் பலகையில் வெட்டுவதோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பதோ நல்லது. அடியில் ஈரமணல் பரப்பிவிட்டால், விழும் வேகத்தை மணல் விழுங்கிக்கொள்ளும். எழுத்து ‘தொம்’ என்று உட்கார்ந்துவிடும். ஈரமணலின் மேல் சலித்த பவுடர் ஒரு மெல்லிய படலம். நுண்துகளைக் காற்று எளிதில் கீழே விடாது என்பதால் அது மேகமாக எழுந்து நிற்கும். முகப்பவுடர் நல்லது. மைதா வேண்டாம், பக்கத்தில் நெருப்போ தீப்பொறியோ இருந்தால் காற்றில் பறக்கும் மாவு குப்பென்று பற்றும். மாவு ஆலைகள் வெடித்ததெல்லாம் அப்படித்தான்.

தண்ணீரை மட்டும் இந்தக் கணக்கில் ஏமாற்ற முடியாது. மாதிரியைச் சிறிதாக்கினாலும் அதன் மேற்பரப்பு இழுவிசை மாறாது. தானாகப் பிரிந்து விழும் துளி சில மில்லிமீட்டரில்தான் நிற்கும். ஒரு சாண் எழுத்தின்மேல் அடிக்கும் ‘கடலலை’யில் கோலிக்குண்டு போன்ற துளிகள் பறந்தால் அது வாளித் தண்ணீர் என்று குழந்தைகூடச் சொல்லும். கொஞ்சம் சோப்புத் திரவம் கலந்தால் துளி சிறுக்கும், ஓரளவுக்கு. தீயும் அப்படியே, சிறிய சுவாலை பெரிய சுவாலையைப் போல அசையாது. இவற்றுக்கு ஆசைப்படுகிறவர்கள் பிபிசி வழியில் போகலாம்: பெரியது என்று பாசாங்கு செய்யாமல், பெயின்டைப் பெயின்டாகவே, மிக அருகிலிருந்து காட்டலாம்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம், மாணவர் குழுக்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. 24 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வழக்கமாக 1/48 விநாடி வெளிச்சம் கிடைக்கும். 120-க்குப் போனால் 1/240 விநாடிதான். ஐந்தில் ஒரு பங்கு. இதோடு முடியவில்லை. பொருளுக்கு மிக அருகே கேமராவை வைத்தால், குவியம் தெளிவாக இருக்கும் ஆழம் சுருங்கிவிடும். முன்னெழுத்து தெளிவாகவும் பின்னெழுத்து மங்கலாகவும் தெரியும். பின்னணி மங்கினால் அழகு என்று பழகிவிட்டோம், ஆனால் மினியேச்சருக்கு அது எமன். உண்மையான நகரத்தின் புகைப்படத்தில் மேல்பாதியையும் கீழ்பாதியையும் மங்கலாக்கினால் நகரமே பொம்மைபோலத் தெரிகிறது அல்லவா, அதே காரணம். ஆகவே லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். எஃப் 2.8-லிருந்து எஃப் 11-க்குப் போனால் வெளிச்சம் 16-இல் ஒரு பங்காகிவிடும். ஐந்தையும் பதினாறையும் பெருக்கினால் 80. நல்ல வெளிச்சமுள்ள அறையில் 500 லக்ஸ் ஒளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த ஷாட்டுக்கு 40,000 லக்ஸ் வேண்டும்.

வாடகை விளக்குக் கடைக்கு ஓட வேண்டாம், மொட்டை மாடிக்குப் போங்கள். நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வேறொரு லாபமும் உண்டு. ஒரு விளக்கு முதல் எழுத்திலிருந்து 1 மீட்டரிலும் கடைசி எழுத்திலிருந்து 2 மீட்டரிலும் இருந்தால், கடைசி எழுத்துக்குக் கால்பங்கு வெளிச்சமே கிடைக்கும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறைவதால் வரும் வினை. சூரியனோ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே 1 மீட்டர் முன்பின் ஒரு பொருட்டே இல்லை, எல்லா எழுத்தும் ஒன்றுபோல் ஒளிரும். நிழலும் கூர்மையாக விழும், பெரிய பொருளின் நிழல்போல. இந்த வேலைக்குப் பெரிய சென்சார் கேமராவைவிடப் போனே மேல். சென்சார் சிறியது என்பதால் அதே காட்சியில் தெளிவின் ஆழம் கூடுதலாகக் கிடைக்கும். துளையைச் சுருக்க வேண்டிய தொல்லையே இல்லை. போனைத் தரையோடு தரையாக, எழுத்தின் அடிவாரத்தில் வைத்து அண்ணாந்து பார்க்கும்படி எடுங்கள்.

வீட்டுக்குள்தான் எடுக்க முடியும் என்கிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. 120 ஃபிரேமில் எடுக்கும் கேமராவுக்கு அந்த 100-க்கும் இந்த 120-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது விநாடிக்கு 20 துடிப்பு, பதிவாகும். அதை 5 மடங்கு மெதுவாக ஓட்டினால் விநாடிக்கு 4 முறை திரை முழுக்க வெளிச்சம் படபடக்கும். எடிட்டிங்கில் உட்கார்ந்து தலையில் கைவைக்கும் இடம் இது. கேமராவில் 100 ஃபிரேம் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். துடிப்போடு கேமராவும் ஒத்துப்போய்விடும். இல்லையென்றால் பேட்டரியில், நேர்மின்னோட்டத்தில் எரியும் விளக்குகள்.

படபடப்பு அழகுக் குறை மட்டுமல்ல. விநாடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சி, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து என்பது ஒளிபரப்புத் துறையில் ஏற்கப்பட்ட வரம்பு. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். லோகோவுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2007-இல் லண்டன் 2012 ஒலிம்பிக் லோகோவை அறிமுகப்படுத்திய அனிமேஷனில் ஒரு பகுதி, பார்த்த சிலருக்கு வலிப்பு வந்ததாகப் புகார் எழுந்ததும் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. மின்னல் வெட்டும் லோகோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரே ஒரு வெட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பளபளக்கும் உலோக எழுத்து வேண்டுமென்றால் வேறு வழி. அமெரிக்காவின் எச்பிஓ சேனல் 1980-களின் தொடக்கத்தில் எடுத்த துண்டு இன்றும் பாடமாகப் பார்க்க வேண்டியது. ஒரு முழு ஊரையே மினியேச்சராகக் கட்டி, அதன்மேல் கேமராவைப் பறக்கவிட்டு, கடைசியில் வானத்தில் மினுங்கும் உலோக எழுத்துகளைக் காட்டினார்கள். அந்த ஊரைக் கட்டவே மாதக்கணக்கில் ஆனது. எழுத்து பித்தளையில் செய்து குரோம் பூசியது. அதன் ‘ஓ’வுக்குள் ஓடும் ஒளிக்கோடுகளுக்குக் கண்ணாடி இழை விளக்குகள். அவ்வளவு வேண்டாம். ஆனால் அவர்கள் அறிந்திருந்த ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: கண்ணாடிபோல் மின்னும் பரப்புக்கு வெளிச்சம் அடித்துப் பயனில்லை, அது தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். இருட்டறையில் எழுத்தின் எதிரே ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல நகர்த்தினால், எழுத்தின்மேல் ஓர் ஒளிக்கோடு வழுக்கிக்கொண்டு போகும். கேமராவையும் உங்களையும் கறுப்புத் துணியால் மூடிக்கொள்ளாவிட்டால் நீங்களும் எழுத்தில் தெரிவீர்கள்.

சில்லறையாக இன்னொரு வித்தை, தலைகீழ் ஓட்டம். எழுத்தின்மேல் குவித்த பவுடரை ஊதிவிட்டு, படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் தூசி கூடி எழுத்தாகும். மேலே எறிந்த பந்தைத் தலைகீழாக ஓட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கலைந்தது கூடுவதை ஓட்டினால் உடனே மாயமாகத் தெரியும். இயற்கையில் கலைவது தானாகக் கூடுவதில்லை என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1960-களில் எடுத்த ஒரு கல்விப் படத்தில் படத்தைத் தலைகீழாக ஓட்டாமலே இதைச் செய்துகாட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவே கெட்டியான திரவம், அதில் ஒரு சாயப்பொட்டு. உள்ளுருளையைச் சுற்றினால் சாயம் இழுபட்டுக் காணாமல் போகும். அதே அளவு பின்னோக்கிச் சுற்றினால் பொட்டு திரும்ப வந்து நிற்கும். கெட்டித் திரவத்தில் சுழிப்பு இல்லை என்பதால் போன வழியே திரும்பி வர முடிகிறது. கிளிசரின் வாங்கிப் பொறுமையாக முயன்றால் இதைவிட நல்ல லோகோவை நான் கற்பனை செய்ய முடியாது.

எடுப்பதற்கு முன் காகிதத்தில் ஃபிரேம் கணக்கு எழுதிவிடுங்கள். 5 விநாடி என்றால் 120 ஃபிரேம். வெறும் தரை 12, வீழ்ச்சி 24, புழுதி எழுந்து விலக 36, பெயர் அசையாமல் நிற்க 48. கடைசி எண்ணைக் குறைக்காதீர்கள். படிக்கும் கண் விநாடிக்கு மூன்று நான்கு இடங்களில்தான் ஊன்றும். புதிய பெயரைப் படிக்க 2 விநாடி தேவை. எழுத்துகளைப் பக்கவாட்டில் வேகமாக ஓடவிடாதீர்கள். 24 ஃபிரேமில் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 விநாடியாவது இல்லையென்றால் அசைவு திக்கித் திக்கித் தெரியும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய விதி.

ஓசையை எழுத்து விழும் ஃபிரேமிலேயே வையுங்கள். தவறினால் ஒரு ஃபிரேம் பின்னால் தவறட்டும். ஓசை 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர் கவனித்துவிடுவார், 125 மில்லிவிநாடி வரை பிந்தினாலும் கவனிக்கமாட்டார் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. காரணம் எளிது. ஒளியைவிட ஒலி மெதுவானது. 34 மீட்டருக்கு அப்பால் விழும் கல்லின் ஓசை நமக்கு 0.1 விநாடி கழித்துத்தான் கேட்கிறது. பிந்திவரும் ஓசைக்கு நம் மூளை பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறது. முந்திவரும் ஓசையை அது கண்டதே இல்லை. ஆழமான ‘தொம்’ போன் ஸ்பீக்கரில் கேட்காது, அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணை அது எழுப்ப முடியாது. ஆனால் அந்த ஓசையின் மேலதிர்வுகள் இருந்தால் போதும், அடிச்சுருதியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். அம்மிக்கல் நகரும் கரகரப்பைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள்.

யூடியூபில் ஏற்றுவதானால் கறுப்பிலிருந்து மெல்ல வெளுக்கும் பின்னணியைத் தவிர்த்துவிடுங்கள். 8 பிட் வீடியோவில் கறுப்பு முதல் வெள்ளை வரை சுமார் 220 படிகள்தான். இருட்டான பகுதிக்குக் கிடைப்பது அதில் கொஞ்சம். வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வளையம் வளையமாகக் கோடு விழும். கொஞ்சம் படக்குருணை (ஃபிலிம் கிரெய்ன்) சேர்த்தால் மறையும்.

கடைசியாக நீளம். பெரிய ஸ்டுடியோக்கள் 15, 20 விநாடி எடுத்துக்கொள்கின்றன என்று நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 5 நிமிடக் குறும்படத்தில் 15 விநாடி என்பது இருபதில் ஒரு பங்கு. இரண்டரை மணி நேரப் படத்தின் முன்னால் ஏழரை நிமிடம் லோகோ ஓட்டுவதற்குச் சமம். 5 விநாடி போதும்.